மடக்கு டிரெய்லர் சட்டத்தில் கண்ணீர்த்துளி கேம்பர்: பின்பாரம் தீர்ந்த விதம்

டிரெய்லரைக் காரோடு மாட்டும் முன்முனைப் பூட்டான கப்ளருக்குக் கீழே வைத்த குளியலறை எடை மெஷின் நேற்று மாலை 53 கிலோ காட்டியது. இரண்டு மாதத்துக்கு முன் அதே இடத்தில், அதே மெஷினில் 20 கிலோதான். இந்த 33 கிலோ ஏறிய பிறகுதான் வண்டி காருக்குப் பின்னால் கோடு பிடித்த மாதிரி வருகிறது. இதைக் கண்டுபிடிப்பதற்குள் பெட்டியை முழுசாகக் கட்டி, சாலையில் இறக்கி, பயந்துபோய்த் திரும்பி வந்துவிட்டேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

கண்ணீர்த்துளி கேம்பர் சின்ன வண்டி. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், நிற்க முடியாது. பின்கதவை மேலே தூக்கினால் சமையல் மேடை. முன்பக்கம் உருண்டு பின்பக்கம் சரிந்து இறங்குவதால் அந்தப் பெயர். 1930களில் அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகைகளில் கட்டத் தொடங்கிய வண்டி இது, இன்றும் கையால் கட்டுகிறவர்களுக்குப் பிடித்தமானது. மரவேலை ஓரளவு தெரிந்தால் பெட்டியைக் கட்டிவிடலாம். அடியில் இருக்கிற இரும்புச் சட்டத்துக்குத்தான் வழி தேட வேண்டும். எனக்கு வெல்டிங் வராது. அதனால் அட்டைப்பெட்டிகளில் துண்டு துண்டாக வரும், போல்ட் போட்டுச் சேர்க்கிற மலிவான சட்டத்தை வாங்கினேன். சாமான் ஏற்றாத நேரத்தில் நடுவில் மடித்துச் சுவரோரம் நிறுத்திவைக்கும் வகை.

சட்டம் 4 அடிக்கு 8 அடி, அதாவது 1.22 மீட்டருக்கு 2.44 மீட்டர். ஒரு முழு பிளைவுட் பலகையின் அளவும் அதுவே. தரைக்கு ஒரு பலகை, வெட்டே கிடையாது. இந்த அளவுச் சட்டத்தின் மேல் இத்தனை பேர் கேம்பர் கட்டுவதற்கு இந்தப் பொருத்தமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். 75 மி.மீ. உயரமுள்ள, 'ப' வடிவில் மடித்த இரும்புச் சேனல், தகடு மெலிசு. சட்டத்தின் எடை 115 கிலோ, தாங்கும் எடை 780 கிலோ என்று தகட்டில் அச்சடித்திருந்தது. 8 அங்குலச் சக்கரம், 12 அங்குலச் சக்கரம் என்று இரண்டு வகை இருந்தன. நான் 12 எடுத்தேன். டயரோடு சேர்த்து 8 அங்குலச் சக்கரத்தின் குறுக்களவு சுமார் 42 செ.மீ., 12 அங்குலத்துக்கு 52 செ.மீ. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு 1,100 சுற்றுக்கு மேல் சுற்றும், பெரியது 920 சுற்று. பேரிங்குக்கு அந்த வித்தியாசம் பெரிது. இந்தத் தேர்வில் மட்டும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

முதல் நாள் ஒவ்வொரு போல்ட்டையும் மாட்டியவுடன் இறுக்கிக்கொண்டே போனேன். மாலைக்குள் சட்டம் நாலு பக்கமும் சேர்ந்து நின்றது. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"மூலைக்கு மூலை டேப் பிடிச்சியா தம்பி?"

"இல்லண்ணே."

"பிடி. அப்புறம் பேசலாம்."

ஒரு மூலைவிட்டம் 2,735 மி.மீ., இன்னொன்று 2,721. 14 மி.மீ. வித்தியாசம். இரண்டும் 2,728 இருக்க வேண்டும். எல்லா போல்ட்டையும் விரலால் திருகும் அளவுக்குத் தளர்த்தி, நீண்டிருந்த மூலையை மரச் சுத்தியலால் தட்டித் தட்டி 2,729, 2,727 என்று கொண்டுவந்தேன். இறுக்கும்போது மறுபடி நகரும் என்பதால் நடுவிலிருந்து வெளியே, எதிரெதிர் மூலையாக இறுக்க வேண்டும். அரை நாள் போயிற்று.

அப்புறம் அச்சு. கப்ளரின் நடுப்புள்ளியிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் டேப் பிடித்தால் ஒரே அளவு வர வேண்டும். எனக்கு 5 மி.மீ. கோணல். அச்சைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டைத் தளர்த்தி 2 மி.மீ.க்குள் கொண்டுவந்தேன். இதை விட்டிருந்தால் வண்டி நண்டு மாதிரி ஒரு பக்கமாக நடக்கும், டயரும் ஒரு பக்கமாகத் தேயும்.

கூடவே வந்த போல்ட்டுகளில் தரக் குறியீடு எதுவும் இல்லை. தலையில் 8.8 என்று பொறித்த எம்10 போல்ட்டும், உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டும் தனியாக வாங்கி எல்லாவற்றையும் மாற்றினேன். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 45 நியூட்டன் மீட்டர். தகடு மெலிசு என்பதால் இரண்டு பக்கமும் அகலமான வாஷர் போடாமல் இறுக்கினால் சேனலின் விளிம்பு உள்வாங்கிவிடும். நான் ஓர் இடத்தில் அப்படி அமுக்கிவிட்டு, வைஸில் கொடுத்து நிமிர்த்தினேன். 80 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்த்தபோது 38 போல்ட்டில் 11 போல்ட் கால் சுற்று வரை நகர்ந்தது. சட்டத்தின் பெயின்ட் அமுங்கி இடம் கொடுத்திருந்தது. நைலான் நட்டு கழன்று விழாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். போன இறுக்கத்தை அது திருப்பித் தராது.

பெட்டி கட்டுவதற்கு முன் வெறும் சட்டத்தை 40 கி.மீ. இழுத்துப் பார்த்தேன். இறங்கியதும் இடது ஹப்பில், அதாவது பேரிங் இருக்கிற சக்கரக் குடத்தில், கை வைத்தேன், எடுத்துவிட்டேன். அவ்வளவு சூடு. வலது ஹப் இளஞ்சூடு. தொப்பியைத் திறந்து பேரிங்கை வெளியே எடுத்தபோதுதான் காரணம் தெரிந்தது. உருளைகளின் மேல் லேசான எண்ணெய்ப் பூச்சு மட்டும் இருந்தது, துருப்பிடிக்காமல் இருக்கப் பூசுவது. கிரீஸ் என்று சொல்லும்படி உள்ளே ஒன்றும் இல்லை.

மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் உலர்த்தினேன். சக்கர பேரிங்குக்கான லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸை இடது உள்ளங்கையில் ஓர் உருண்டை வைத்து, பேரிங்கின் அகலமான ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். மறுபக்கம் உருளைகளுக்கு நடுவே சின்னப் புழுக்கள் மாதிரி கிரீஸ் எட்டிப் பார்க்கும். பேரிங்கைக் கொஞ்சம் சுற்றி அடுத்த இடம். முழு வட்டமும் அப்படி வந்தால்தான் உள்ளே நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். மேலே தடவுவதால் பயனில்லை. திரும்ப மாட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் திருகி, அதற்கடுத்த பள்ளத்தில், நட்டு சுழலாமல் பிடிக்கும் காட்டர் பின். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். நான் முதலில் இடது நட்டை முறுக்கிவிட்டேன், சூட்டுக்கு அதுவும் ஒரு காரணம். அதற்குப் பிறகு ஒரே ஓட்டமாக 150 கி.மீ. போயும் இரண்டு ஹப்பும் கை வைக்கிற சூட்டிலேயே இருக்கின்றன. இப்போதும் நிறுத்தும்போதெல்லாம் முதல் வேலை, இறங்கி இரண்டு ஹப்பையும் தொடுவதுதான்.

விளக்கு வேலை ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டியது, இரண்டு மாலை இழுத்தது. இடது இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மங்கி மங்கி எரிந்தது. பல்பை மாற்றினேன், சாக்கெட்டை மாற்றினேன். கோளாறு எர்த்தில், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் பாதையில். இந்தச் சட்டத்தில் விளக்குகளின் எர்த் சட்டத்தின் வழியாகவே போகும்படி அமைத்திருக்கிறார்கள். சட்டமோ பெயின்ட் பூசிய துண்டுகள், ஒவ்வொரு இணைப்பிலும் மின்சாரம் திக்கித் திணறுகிறது. பிளக்கிலிருந்து இரண்டு விளக்குக்கும் தனியாக 2.5 சதுர மி.மீ. எர்த் கம்பி இழுத்தேன். அன்றோடு சரியாயிற்று. போல்ட் போட்ட எந்த டிரெய்லரிலும் இதை முதலிலேயே செய்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தரை 12 மி.மீ. பிளைவுட், அடியில் 38 மி.மீ. மரச் சட்டம், நடுவே 25 மி.மீ. நுரைப்பலகை. அடிப்பக்கம் முழுக்கத் தார் பெயின்ட் மூன்று கோட், முக்கியமாகப் பலகையின் விளிம்புகளில். பக்கச் சுவர் 18 மி.மீ. பிளைவுட். ஒரு பலகை 30 கிலோவுக்கு மேல் வருகிறது, இரண்டு சுவருக்கு இரண்டு. கதவுக்கும் வளைவுக்கும் வெட்டிய பிறகும் கனம்தான். முன் வளைவுக்கு 3 மி.மீ. பிளைவுட்டை உலர்ந்தபடி வளைத்தேன், படக்கென்று நடுவில் கீறல். இரண்டாவது பலகையை வெந்நீர்த் துணியால் ஒரு மணி நேரம் மூடிவைத்து, ராட்செட் பெல்ட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, இரவு முழுக்க அப்படியே விட்டேன். வளைந்து நின்றது. மேலே அலுமினியத் தகடு, ஓரங்களில் தண்ணீர் புகாமல் ஒட்டும் பியூட்டைல் டேப். பின்கதவின் கீல் முனைகளில் முதல் மழைக்கே தண்ணீர் இறங்கியது. கீலின் மேல் முழு நீளத்துக்கு ஒரு ரப்பர் பட்டை வைத்ததும் நின்றது. இரண்டு பேர் மூச்சு விடுகிற மூடிய பெட்டி என்பதால் கூரையில் காற்றுத் திறப்பும் எதிரெதிரே ஜன்னலும் கட்டாயம் வேண்டும். அடுப்பு எப்போதும் வெளியேதான், உள்ளே கிடையாது.

சமையல் மேடையைப் பொருத்திக்கொண்டிருந்த நாளில் பின் விளிம்பில் உட்கார்ந்தேன். வண்டி காரில் மாட்டாமல் நின்றது. முன்பக்கம் மெல்ல எழும்பியது. கையை ஊன்றி இறங்கிவிட்டேன். பின் மூலைகளில் இரண்டு முட்டுக்கால் பொருத்தி, பிரச்சினை தீர்ந்தது என்று அடுத்த வேலைக்குப் போனேன். வண்டி தன் எடை எங்கே இருக்கிறது என்று அன்றே காட்டியது. நான் அதை நிறுத்திவைக்கும்போது வருகிற பிரச்சினையாக மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முதல் பயணத்தில் 60 கி.மீ. வேகம் வரை ஒரு குறையும் இல்லை. 70ஐத் தாண்டியதும் கண்ணாடியில் பெட்டி இடமும் வலமும் அசைவது தெரிந்தது. இறக்கத்தில் 80 தொட்டபோது அசைவு ஆட்டமாகி, காரின் பின்பக்கத்தையே இழுத்தது. இந்தச் சட்டத்தில் பிரேக் கிடையாது. காரின் பிரேக்கை அழுத்தினால் பின்னாலிருந்து தள்ளும் என்று தெரிந்ததால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தேன். 55க்கு இறங்கியதும் அடங்கியது. அந்தச் சில வினாடிகள் இன்னும் மறக்கவில்லை. 50ஐத் தாண்டாமல் வீடு திரும்பினேன்.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாரத்தை முன்னும் பின்னும் தள்ளிவைத்து, முன்பாரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் அவர்கள் மாட்டைப் பூட்டுவதில்லை. என் வண்டியில் பின்பாரம். சமையல் மேடைக்கு அடியில் 28 கிலோ பேட்டரி, 20 லிட்டர் தண்ணீர்க் கேன், அடுப்பு, பாத்திரம் எல்லாமே அச்சுக்குப் பின்னால். இந்தச் சட்டம் சாமானைத் தட்டில் பரவலாக ஏற்றுவதற்காகச் செய்தது. அதற்கேற்ற இடத்தில்தான் அச்சு இருக்கிறது. பின்பக்கம் சமையலறை வரும் என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை, நான்தான் யோசித்திருக்க வேண்டும்.

சரி, அளந்தேன். எடை மெஷினைச் சமதளத்தில் வைத்து, அதன் மேல் ஒரு மரக்கட்டை, கட்டையின் மேல் கப்ளர். காரில் மாட்டும்போது இருக்கிற அதே உயரத்தில் கப்ளர் நிற்க வேண்டும். தூக்கிப் பிடித்தால் எடை குறைத்துக் காட்டும். பயணத்துக்கு ஏற்றியபடியே வண்டியின் மொத்த எடையை லாரி எடை மேடையில் எடுத்தேன், 420 கிலோ. கப்ளரில் 20 கிலோ. நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கப்ளரில் இறங்க வேண்டும்.

அச்சிலிருந்து கப்ளர் வரை என் வண்டியில் 2.5 மீட்டர். பேட்டரி அச்சுக்குப் பின்னால் 85 செ.மீ. தள்ளி இருந்தது. அதைப் பெட்டிக்கு வெளியே, கப்ளர் வரை நீளும் முன்கட்டையின் மேல், அச்சுக்கு முன்னால் 1.75 மீட்டரில் வைத்தால் மொத்தம் 2.6 மீட்டர் நகர்வு. 28ஐ 2.6ஆல் பெருக்கி 2.5ஆல் வகுத்தால் கப்ளரில் 29 கிலோ கூடும். பேட்டரியை வைக்கும் அலுமினியப் பெட்டி 7 கிலோ, அதனால் இன்னொரு 5. ஆக 54 வரும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். கம்பியை நீட்ட வேண்டியிருந்தது, பேட்டரி முனையிலேயே ஒரு பியூஸ் போட்டேன், பெட்டியில் காற்றுத் துளை வைத்தேன். மெஷின் 53 காட்டியது. மொத்தம் 427 கிலோவில் 12 சதவீதத்துக்குச் சற்று மேல். அதே சாலை, அதே இறக்கம், 80 கி.மீ. பெட்டி அசையவே இல்லை. இறக்கம் முடிந்ததும் வண்டியை ஓரம் கட்டி, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நடுவில் இன்னொரு சிக்கலும் வந்தது. மடக்குச் சட்டம் என்பதால் நடுவில் கீல் இணைப்பு. மேலே தரையைப் போல்ட் போட்டு இணைத்துவிட்டால் அது ஒரே துண்டாகிவிடும் என்று நம்பி அப்படியே விட்டிருந்தேன். ஒவ்வொரு மேட்டிலும் அடியிலிருந்து கிறீச் என்று சத்தம். டார்ச் எடுத்துக்கொண்டு கீழே படுத்துப் பார்த்தேன். கீல் போல்ட்டின் வட்டத் துளை முட்டை வடிவத்துக்கு மாறியிருந்தது. சுற்றிலும் பெயின்ட் உரிந்து, இரும்பு பளபளவென்று தேய்ந்து, அதன் கீழே கறுப்பாக மாவு மாதிரி இரும்புத் தூள் அப்பியிருந்தது. சேனலின் உட்புறம் இணைப்பின் குறுக்கே 60 செ.மீ. நீளத்துக்கு 50×50×5 மி.மீ. எல் வடிவ இரும்பு ஆங்கிள், இரண்டு பக்கமும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் எட்டு போல்ட். துளையைச் சேனலின் நின்ற முகத்தில், நடு உயரத்தில் போட வேண்டும். மேல் கீழ் விளிம்புகள்தான் பாரம் தாங்குபவை, அங்கே புதுத் துளை போட்டால் சட்டம் பலவீனமாகும். இதைப் பட்டறை அண்ணன் சாக்பீஸால் கோடு போட்டே காட்டினார். வெட்டிய இடங்களில் துத்தநாகப் பெயின்ட். சத்தம் நின்றது.

வண்டி மேடு பள்ளத்தில் துள்ளுவது மட்டும் மீதி இருந்தது. 780 கிலோவுக்கான பட்டை ஸ்பிரிங், மேலே இருப்பது 427. ஸ்பிரிங்கில் ஒரு பட்டையைக் கழற்றிவிடலாம் என்று யோசித்தேன், தாங்கும் எடை குறையும் என்பதால் கை வைக்கவில்லை. கப்ளரில் இறங்கும் 53 போக, சக்கரம் ஒன்றுக்கு 187 கிலோதான் இறங்குகிறது. டயர் பக்கவாட்டில் அச்சடித்திருக்கிற 90 பிஎஸ்ஐ காற்றழுத்தம் அதன் முழுச் சுமைக்கானது. டயர் தயாரிப்பாளரின் சுமை அட்டவணையைப் பார்த்து 45 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். உள்ளே அலமாரியில் இருக்கிற டம்ளர்கள் இப்போது இடம் மாறுவதில்லை.

செலவைப் பங்காகச் சொல்கிறேன். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சட்டம். ஆனால் போல்ட், கிரீஸ், எர்த் கம்பி, ஆங்கிள், முட்டுக்கால், முன்பெட்டி எல்லாம் சேர்த்தால் சட்டத்தின் விலையில் பாதி கூடுதலாகப் போயிற்று. இதைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் வெல்டிங் செய்து கட்டிய சட்டத்தை விட மலிவுதான். பிளைவுட்டும் அலுமினியமும்தான் மொத்தச் செலவில் பாதியை விழுங்கின.

அடுத்த முறை கட்டினால் மடங்காத சட்டம்தான் வாங்குவேன். மடக்கும் வசதி கேம்பர் கட்டுகிறவருக்கு எதற்கும் உதவாது, தொல்லை மட்டும் மிச்சம். பெட்டி வரைபடம் போடும் முன் பேட்டரி, தண்ணீர், அடுப்பு ஒவ்வொன்றின் எடையையும் அச்சிலிருந்து இருக்கும் தூரத்தையும் எழுதிக் கணக்குப் போட்டுவிட்டு, தேவைப்பட்டால் அச்சையே 10 செ.மீ. பின்னால் தள்ளுவேன். மேலே ஒன்றும் இல்லாதபோது அது இரண்டு மணி நேர வேலை. பக்கச் சுவரை 18 மி.மீ. ஒரே பலகையாகப் போடாமல் மரச் சட்டம், நுரைப்பலகை, இரு பக்கமும் மெல்லிய பிளைவுட் என்று கட்டினால் 20 கிலோவாவது மிச்சமாகும். 1.22 மீட்டர் அகலம் இரண்டு பேருக்கு நெருக்கம், சக்கரத்துக்கு மேல் பெட்டியை அகலப்படுத்திப் பார்க்கவும் ஆசை. கையால் கட்டிய வண்டியைப் பதிவு செய்ய என்னென்ன கேட்பார்கள் என்பதையும் சட்டம் வாங்கும் முன்பே விசாரித்துவிட வேண்டும். நான் ரசீதுகளைத் தேடிப் பெட்டி பெட்டியாகக் கிளறினேன்.

தண்ணீர்க் கேன் இன்னும் பின்னால்தான் இருக்கிறது. காலியாகும்போது கப்ளரில் எடை எவ்வளவு மாறுகிறது என்று இந்த வாரம் அளக்கப்போகிறேன். கணக்கின்படி 7 கிலோ கூட வேண்டும்.